கூரை அறுத்த வண்டி

சலவைக்கடைக்காரர் தள்ளிவிட்ட அந்தப் பழைய ஸ்டேஷன் வேகனை என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை முற்றத்தில் நிறுத்தியபோது நான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தேன்.

"சமையலறைக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. அதுக்கு நேரமில்ல. இந்தச் சவப்பெட்டியைக் கட்டிக்கிட்டு அழ மட்டும் நேரம் இருக்கா?"

"கத்தாதேம்மா. பாப்பாவுக்காகத்தான்" என்றார்.

அதோடு என் வாய் அடைத்துப் போனது. என் வாய் அடைப்பது லேசான காரியமில்லை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வது என் வேலை. பதினோரு வருடமாக எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே கத்திச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.

பாப்பா என் நாத்தனார். முப்பத்தாறு வயதாகிறது, அவள் அண்ணனுக்கு இன்னும் பாப்பாதான். ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் முன்சக்கரம் வெடித்து வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. பின்னால் படுத்திருந்த பெரியவர் முக்கால் மணி நேரம் கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இவள் முன்னால் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு தலையைக்கூடத் திருப்ப முடியாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர் பிழைத்துவிட்டார், இப்போது வீட்டில் மருமகளை அதட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார். விசாரணையில் டயர்தான் குற்றவாளி என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் பாப்பா அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தொலைபேசி அறையில் உட்கார்ந்து அவசர அழைப்புகளை எடுக்கிறாள். மறுபடி வண்டிக்கு வருகிறாயா, இல்லை நிரந்தரமாக அந்த அறையிலேயே இருக்கிறாயா என்று அந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருந்தது ஆஸ்பத்திரி.

கல்லூரி நாளிலிருந்து அவளுக்குக் கார் ரேலி என்றால் பைத்தியம். அதே மாதக் கடைசியில் எங்கள் ஊருக்கு வெளியே மலையடிவாரத்து மண் சாலையில், ஒவ்வொரு வண்டியாகக் கிளப்பி நேரம் கணக்கிடும் ஒரு சின்ன ரேலி நடக்க இருந்தது. பழைய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அதில் அவளை ஏற்றிவிட்டால் சரியாகிவிடுவாள் என்று அவள் அண்ணன் கணக்குப் போட்டார். அவர் ஜன்னல் கிரில் செய்கிறவர். இரும்பால் சரிசெய்ய முடியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்புகிற மனிதர்.

வேலை ஆரம்பித்தது. துணி தொங்கவிடும் கம்பிகளைப் பிடுங்கினோம். பின் இருக்கை, கால்மிதி, கதவு உறை எல்லாம் கழன்றன. சரக்கு வண்டியிலிருந்து கெட்டியான ஸ்பிரிங் வந்தது. எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க, ஏதோ வீட்டு வாசல் கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய தகட்டை வளைத்துப் பொருத்தினார். முன் இருக்கை இரண்டும் காயலான் கடையில் வெவ்வேறு வண்டியிலிருந்து கிடைத்தன. ஒன்று நீலம், ஒன்று காப்பிப் பொடி நிறம். பாப்பா மாலையில் வேலை முடிந்து வந்து வயரிங் முழுவதையும் செய்தாள். ஆனால் ஓட்டுநர் இருக்கையில் மட்டும் உட்காரமாட்டாள். எஞ்சினைக் கிளப்ப வேண்டுமென்றால் வெளியே நின்றுகொண்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டுத்தான் சாவியைத் திருப்புவாள்.

வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருக்க இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வைக்க வேண்டும். அது இல்லாமல் ரேலிக்குள்ளேயே விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் வண்டிக்குள் டேப்பை வைத்துப் பத்துத் தடவை அளவெடுத்தார். ஒன்பது நாள் பட்டறைத் தரையில் வைத்துக் குழாயை வளைத்து, பற்றவைத்து, இணைப்புகளை மழமழவென்று தேய்த்து, அழகான கூண்டு ஒன்றைச் செய்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர், நான், பாப்பா, பக்கத்துக் கடை டயர்க்காரர் நால்வரும் அதைத் தூக்கிக்கொண்டு வண்டியிடம் போனோம்.

முன் கதவில் நுழையவில்லை. பின் கதவில் நுழையவில்லை. படுக்க வைத்தோம், நிமிர்த்தினோம், தலைகீழாகப் புரட்டினோம். பின்பக்கத்துப் பெரிய கதவைத் திறந்து அதில் சொருகினோம். அது பாதிவரை போய் மாட்டிக்கொண்டது.

இருபது வருடமாக அவருக்கு ஒரே பழக்கம். ஜன்னலுக்குப் போய் அளவெடுப்பார், பட்டறையில் கிரில்லைச் செய்வார், கொண்டுபோய்ப் பொருத்துவார். ஜன்னலில் தொங்கிக்கொண்டு யாராவது பற்றவைப்பார்களா? உள்ளளவு நூலளவும் பிசகவில்லை. அந்த உள்ளுக்குள் எப்படிப் போவது என்று மட்டும் அந்த மனிதர் யோசிக்கவே இல்லை.

"ஒண்ணு செய்யலாம். காரைப் பிரிச்சு இந்தக் கூண்டுக்குள்ள ஒவ்வொண்ணா அடுக்கிடலாம்" என்றார் டயர்க்காரர்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகுதான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"இது தெரியாதவன் செஞ்ச கூண்டு. இதை நம்பி இவளை எப்படி உட்கார வைப்பேன்?" என்றார். "வேண்டாம். எல்லாத்தையும் விட்டுடலாம்."

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அவர் வேலையில் தப்பு என்று நானே திட்டுவேன், அவரே சொல்லி நான் கேட்டதில்லை.

பாப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "கூரையை அறுத்துடு அண்ணா."

"என்னது?"

"கூரையை. என் ஆம்புலன்ஸுக்கு அப்படித்தான் அறுத்தாங்க. கண்ணாடியை எடுத்துட்டு ஒவ்வொரு தூணா வெட்டினாங்க. பத்து நிமிஷம் ஆகல. கூண்டை மேலேருந்து இறக்கு. அப்புறம் கூரையைத் திரும்பப் பத்தவை."

அந்த நாளைப் பற்றி அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கூரை தரைக்கு வந்தது. முற்றத்து மரக்கிளையில் சங்கிலி கட்டிக் கூண்டை இறக்கினோம். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. கூண்டின் அடித்தகடுகளை வண்டித் தரையோடு பற்றவைத்து முடித்த சமயத்தில் சடசடவென்று மழை பிடித்தது. இவர் வெல்டிங் மெஷினையும் வயர்களையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஷாக் அடிக்குமே என்ற பயத்தில் ஓடினார். "வண்டியை உள்ள தள்ளுங்க! பாப்பா செஞ்ச வயரிங் எல்லாம் நனையுது!"

முற்றத்திலிருந்து பட்டறைக்கு ஏற்றம். நானும் பாப்பாவும் தள்ளினோம், வண்டி அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள், திறந்து கிடந்த வண்டிக்குள் கொட்டுகிற மழையைப் பார்த்தாள். "நகருங்க அண்ணி" என்று என்னை ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரே உறுமல், வண்டி பட்டறைக்குள் நின்றது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈரப்புடவையோடு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். "அவ்வளவுதான் பாப்பா! சரியாயிடுச்சு! நாளைக்கே ஆஸ்பத்திரியில சொல்லிடு."

"இல்ல அண்ணி. ஓட்டறது கஷ்டமில்ல, இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. பக்கத்துல ஆள் இருந்தாலும் சமாளிச்சுடுவேன். பின்னாடி ஒருத்தரைப் படுக்கவெச்சு ஓட்ட முடியாது. அந்தக் கத்தல் இன்னும் காதுலயே இருக்கு." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரேலிக்குப் போறேன். ஆம்புலன்ஸுக்குப் போகமாட்டேன்."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்ல என்னைத்தான் கேட்டாள். "உங்க குரல்தான் எஞ்சினைத் தாண்டிக் கேக்கும். கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து என்கிட்ட எதையும் பூசி மெழுகினதும் இல்ல" என்றாள். புகழ்ச்சியா என்று தெரியவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

அதற்குள் கூரையையும் திரும்பப் பற்றவைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். ரேலியன்று காலை பரிசோதகர் ஒருவர் பல் டாக்டர் வைத்திருப்பதைப் போன்ற கண்ணாடியோடு வந்தார். கூண்டுக் குழாயின் மேல்பக்கத்துக்கும் கூரைக்கும் நடுவே கண்ணாடியை நுழைத்துப் பார்த்தார். அந்த இடுக்கில் கை போகாது. அதனால் பலர் கீழ்ப்பக்கம் மட்டும் பற்றவைத்துவிட்டு மேலே வெறுமனே விட்டுவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு வண்டிகளை அதற்காகவே திருப்பி அனுப்பியிருந்தார். எங்கள் கூண்டில் ஒவ்வொரு இணைப்பும் சுற்றிலும் முழுதாகப் பற்றவைத்திருந்தது.

"இதுக்குள்ள எப்படிங்க கை போச்சு?" என்று கேட்டார்.

"தொழில் ரகசியம்" என்றேன் நான்.

"தப்பாச் செஞ்சேங்க. அந்தத் தப்பைச் சரிபண்ணப் போய் இப்படி ஆச்சு" என்றார் என் வீட்டுக்காரர், அசடு வழிந்துகொண்டே. பரிசோதகர் சிரித்தபடி எங்கள் வண்டிக்கு முத்திரை ஒட்டினார். ஊரையே விலைக்கு வாங்கியவர் மாதிரி என் வீட்டுக்காரர் அன்று நடந்தார்.

முதல் இரண்டு கட்டமும் அருமையாகப் போயின. முந்தின நாள் சாலையைப் பார்த்து வளைவு, பள்ளம், மேடு எல்லாம் நாங்களே எழுதிய குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் கத்தினேன். "இடது, கூர்மை! நூறு மீட்டர், அப்புறம் பள்ளம்!" அவள் நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தாள். கல்யாணமாகி வந்த பத்து வருடத்தில் அவள் என் பேச்சைக் கேட்டது அன்றுதான்.

மூன்றாம் கட்டத்தில் ஒரு வளைவைத் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் போன சிவப்பு வண்டி சாலையோர மண்கரையில் மோதிக் கிடந்தது. ஓட்டியவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வழி சொல்கிறவர் தரையில் சாய்ந்திருந்தார். முன்கை ஒடிந்து தொங்கியது. தொடையில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ரேலிக்காரர்கள் வளைவில் நிறுத்தியிருந்த காவலாள் ரேடியோவில் கேட்டுவிட்டு, ரேலிக்கு வந்த ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார். மருத்துவர் ஏழு கிலோமீட்டர் தள்ளி, ரேலி முடிகிற மைதானத்தில் இருந்தார். வேறு வண்டியும் கிடையாது. எல்லா வண்டியிலும் இரண்டே இருக்கை. எங்கள் வண்டிக்குத்தான் பின்னால் ஆள் படுக்கிற நீளத்துக்குத் தரை இருந்தது.

பாப்பா அடிபட்டவர் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், கால் விரல்களை அசைக்கச் சொன்னாள், தொடையில் துணி வைத்து இறுக்கிக் கட்டினாள். கட்டிய துணி சற்று நேரத்திலேயே நனைந்தது. அவள் எங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, வேண்டாம் என்று சொல்ல மனசும் இல்லை.

"அண்ணி, பின் கதவைத் திறங்க" என்றாள்.

மாற்று டயர்களை வெளியே உருட்டிவிட்டு அவரைப் படுக்க வைத்தோம். அவருடைய கூட்டாளி அருகில் குந்தி, காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. அவள் விரல்கள் அப்படியே இறுகி நின்றன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை.

"அண்ணி, குறிப்பைப் படிங்க."

"எதுக்கு பாப்பா? போட்டிதான் போயிடுச்சே."

"வேகத்துக்கு இல்ல. பள்ளம் எங்கெங்கன்னு தெரியணும்."

நான் படித்தேன். அவள் உள்கண்ணாடியைப் பின்னால் படுத்திருப்பவர் முகம் தெரிகிற மாதிரி திருப்பிவைத்துக்கொண்டு வண்டியை மெல்ல எடுத்தாள். எந்தப் பள்ளங்களைத் தாண்டிக் குதிக்க எழுதியிருந்தோமோ, அவற்றை ஒவ்வொன்றாக ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். ஒரு இடத்தில் ஒதுங்க வழியில்லை.

"அண்ணா, இப்ப ஒரு பள்ளம் வருது, வலிக்கும்" என்று கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சொன்னாள். "நல்லா கத்துங்க. நீங்க கத்தினாத்தான் நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவர் கத்தினார். பாப்பாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, கை ஆடவில்லை. "சபாஷ்" என்றாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. அதுக்கும் கத்துங்க." ஏழு கிலோமீட்டரும் அவர் கத்திக்கொண்டு வந்தார், இவள் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மருத்துவர் அவரை இறக்கிக்கொண்டபோது எங்கள் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. போட்டியிலிருந்து நீக்கியாகிவிட்டது என்றார் அதிகாரி. விபத்துக்கு நின்ற நேரத்தைக் கழித்துவிடுவார்களாம், ஆனால் ஆளை ஏற்றிவந்ததற்கு விதியில் இடமில்லையாம். நான் புடவையைச் சொருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானேன்.

"விடுங்க அண்ணி" என்று பாப்பா என் தோளைப் பிடித்தாள்.

அதற்குள் என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். வண்டியின் பின் தரையில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப் போனது. "யாருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?"

"எங்களுக்கு ஒண்ணுமில்ல அண்ணா. பின்னாடி ஒருத்தரை ஏத்திட்டு வந்தேன்."

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அவளே தினம் உட்கார்ந்து எடுக்கிற ஆஸ்பத்திரி அவசர எண்ணைத்தான் அழுத்தினாள். மறுமுனையில் அவள் தோழி என்ன அவசரம் என்று கேட்டது எனக்கே கேட்டது.

"அவசரம் ஒண்ணுமில்லடி, நான்தான். ஒண்ணாம் தேதியிலேருந்து என் பேரை ஆம்புலன்ஸ் ஓட்டறவங்க பட்டியல்ல எழுதிக்கோ."

நான் மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டு அழுதேன்.