முறிகண்டித் தண்ணீர்

“அப்பா, பிள்ளையார் அந்த மாமிக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடுப்பாரோ?”

விமலேஸ்வரி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்போதுதான் தில்லைநாதன் காரில் ஏறியிருந்தார். “குடுப்பார், குடுப்பார். நீ பேசாமல் இரு” என்று மகளுக்குச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். சொன்ன மறுகணமே, அது மறுமொழி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அது நாற்பத்தேழாம் ஆண்டு, ஆவணி வறட்சி. அப்பாவும் மகளும் வவுனியாவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மாங்குளம் சந்தி தாண்டி ஒரு மைல் வந்ததும் கார் கொதித்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் காடு. வீதியோரம் ஒரே ஒரு மண்வீடு, முன்னால் ஒரு வேப்பமரம். அந்த வீட்டுப் பெண் உம்மு ஹானி ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். மிச்சம் முழுவதையும் காருக்கு ஊற்றச் சொன்னாள். கடைசித் துளியும் இறங்கிய பிறகுதான், அவளுடைய சின்ன மகள் வந்து வெறும் பானைக்குள் எட்டிப் பார்த்ததைத் தில்லைநாதன் கண்டார்.

“கிணறு வத்திப் போச்சு ஐயா. குளத்தடியில இருந்து சுமந்த தண்ணி. காரியமில்ல, நான் பிறகு போய் அள்ளுவன். பிள்ளையோட நடுறோட்டில நிண்டு என்ன செய்வீங்க?”

“வாற கிழமை இதால வரேக்க உங்கட பானையை நிரப்பித் தாறன், அம்மா” என்றார் தில்லைநாதன்.

வாற கிழமை வந்தது; அந்த வாரம் முழுவதும் அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த கிழமை வேலை. பிறகு மழை வந்தது. மழைக்காலத்தில் தண்ணீரைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது? பிறகு வெட்கம் வந்தது. அது மழையைப் போல விட்டுப் போகவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அவர் மற்றப் பக்கத்துக் காட்டைப் பார்த்தார். முறிகண்டியில் இறங்கும்போதெல்லாம் வழக்கமான ஒரு தேங்காயோடு இன்னொன்றும் உடைத்தார். முறிகண்டியைத் தாண்டுகிற எந்த வாகனமும் நின்று தேங்காய் உடைக்காமல் போவதில்லை. ஆனால் மனிதருக்குச் சொன்ன சொல்லைப் பிள்ளையாரிடம் கொண்டுபோய் இறக்கிவைத்தவர் அந்த வீதியில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

இத்தனைக்கும் அவர் இரணைமடுக் குளத்தில் நீர்ப்பாசன ஓவசியர். இருபது வருடம் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அங்குலக் கணக்கில் தண்ணீர் அளந்து விட்ட கை அது. ஒரு பானைத் தண்ணீரை மட்டும் அதனால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பதினான்கு வருடம் போயிற்று. தில்லைநாதன் வேலையிலிருந்து இளைப்பாறிக் கிளிநொச்சியில் மூன்று ஏக்கர் வயலோடு இருந்தார். விமலேஸ்வரி பதுளையில் ஆசிரியையாக இருந்தாள். கார் மட்டும் அதே கார். முப்பத்தைந்து வயது, பித்தளை விளக்கு, கன்வஸ் கூரை, முன்னால் கைப்பிடி போட்டுச் சுழற்றினால்தான் உயிர் வரும். எப்போதும் தண்ணீர் கொதிக்கிற கெண்டி போல இருந்ததால், ஊரில் அதற்குப் பெயர் ‘ஓவசியரின் கேத்தில்’.

அந்த ஆவணியில், பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கண்டி வீதியால் வரிசையாக வவுனியா வரை ஓடுவது என்று யாழ்ப்பாணத்தில் ஒரு ஏற்பாடு நடந்தது. தில்லைநாதனுக்கும் கடிதம் வந்தது. ஒரு வருடமாக அவர் காரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தானோ என்று அவருக்குத் தோன்றியது. செய்தி அறிந்து மகள் எழுதியிருந்தாள்: ‘அப்பா, வவுனியாவில் காரோடு நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. அப்படி ஒரு கார் எங்களிடம் இருக்கிறதென்று இங்கே ஒருத்தரும் நம்புகிறார்களில்லை.’

அன்று விடிய, பின் ஆசனத்தில் நாலு பெரிய தகரங்கள் ஏறுவதை மனைவி இராசமலர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உது என்னத்துக்கு இவ்வளவு? வவுனியாவுக்குப் போறியளோ, இல்லாட்டி இரணைமடுவை அங்க இடம் மாத்தப் போறியளோ?”

“வெறுந்தகரம்தான். முறிகண்டிக் கிணத்தில நிரப்புவன். அங்கால காடெல்லே?”

“கொதிச்சு வழியில நிண்டால் ஆளுக்குச் சொல்லி அனுப்புங்கோ. மாடு ரெண்டையும் அவிட்டுக்கொண்டு வாறன்.”

“இண்டைக்குக் கொதிக்காது, இராசமலர். பாரன்.”

அவள் சிரித்துக்கொண்டே ஒரு தேங்காயை எடுத்து அவர் பக்கத்து ஆசனத்தில் வைத்தாள். பிறகு, ஒன்றும் கேட்காமல், இன்னொரு தேங்காயும் வைத்தாள்.

ஏழு மணிக்கு வடக்கே புழுதி எழுந்தது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஐந்து கார்கள், நித்திரையிலிருந்து ஒவ்வொன்றாக எழும்பி வருவனபோல வந்தன. பச்சை ஒன்று, கறுப்பு இரண்டு, தந்த நிறத்தில் ஒன்று, நிறமே தெரியாத ஒன்று. முதலில் வந்த பச்சைக் காரில் வழக்கறிஞரான புறக்டர் செல்வநாயகம் தொப்பியும் விசிலுமாக இருந்தார். ஓட்டத்தின் தலைவர் அவர்தான். தில்லைநாதன் ஆறாவதாகச் சேர்ந்துகொண்டார்.

மெல்லத்தான் போனார்கள். வயல்கள் பின்னால் போக, காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. பாலை மரங்களும் வீரை மரங்களும் மேலே கைகோத்திருந்தன. வெயில் அவற்றுக்குள்ளால் காசு காசாக வீதியில் விழுந்து, முன்னால் போன கார்களின் முதுகில் ஏறி இறங்கியது. ஒரு மயில் அவசரமில்லாமல் குறுக்கே நடந்தது. ஆறு கார்களும் அதற்காக நின்றன. எத்தனை கால்கள், எத்தனை வண்டிச் சில்லுகள் போன வழி இது என்று தில்லைநாதன் நினைத்தார். அத்தனை பேரும் இந்தக் காட்டுக்குள் இன்னும் மெல்லப் போய்க்கொண்டிருப்பது போலவும், தாங்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டது போலவும் இருந்தது. கார் ஒரே சீராகப் பாடியது. மயிலுக்காக நின்றபோது இறங்கி முன்மூடியில் கையை வைத்துப் பார்த்திருந்தார். இளஞ்சூடு. கொதிக்கும் குணமே அதற்கு இருந்ததில்லை என்பது போல.

முறிகண்டியில் எல்லாரும் இறங்கினார்கள். தேங்காய்கள் சிதறின, கற்பூரம் மணத்தது, கச்சான் கடலை விற்கும் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். கடைகளுக்குக் கச்சான் மூடை கொண்டுவந்த பாறூக் என்ற மாங்குளத்து வியாபாரி, சைக்கிளைச் சாத்திவிட்டுக் கார்களைச் சுற்றிப் பார்த்தான்.

“ஐயா, இதுகள் ஓடி வந்ததுகளோ, இல்ல ரயில்ல ஏத்தி வந்து இறக்கினீங்களோ?”

“என்ரையை மட்டும் பிள்ளையார் இழுத்து வந்தவர்” என்றார் தில்லைநாதன்.

பாறூக் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எங்கோ ஒரு கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது. பதினான்கு வருடமாக யாரிடமும் கேட்காத ஒன்றைத் தில்லைநாதன் கேட்டுவிட்டார்.

“தம்பி, மாங்குளத்துக்கு இஞ்சால ஒரு மைலில, வேப்பமரத்து வீடு ஒண்டு… உம்மு ஹானி எண்டு ஒரு அம்மா…”

“எங்கட சாச்சிதான், உம்மாட தங்கச்சி. ஏன் ஐயா, தெரியுமோ?”

“ஒருக்காக் கண்டிருக்கிறன். சுகமாய் இருக்கிறாவோ?”

“சுகத்துக்குக் குறைவில்ல. இந்த வருசமும் கிணறு வத்திப் போச்சு, அதுதான் கரைச்சல். மகள் ஸுஹறா பிள்ளை பெத்துப் பத்து நாள். குழந்தைக்கும் வேணும், தாய்க்கும் வேணும். ஒரு குடம் கொண்டு வரச் சாச்சிக்கு ஒரு மணித்தியாலம். அவவுக்கும் வயசு போகுதுதானே.”

ஸுஹறா. வெறும் பானைக்குள் எட்டிப் பார்த்த அந்தச் சின்ன மகள்.

விசில் ஒலித்தது. செல்வநாயகம் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். “ஓவசியர், உங்கட கார்தான் எல்லாத்துக்கும் மூத்தது. இனி நீங்கள்தான் முன்னுக்கு. வவுனியாவில மாலையோட நிக்கினம், படம் பிடிக்கிறவரும் வந்திட்டார். ஆனால் ஒண்டு: இனி ஒருத்தரும் வழியில நிக்கக்கூடாது. வரிசையை விட்டவர் ஓட்டத்தை விட்டவர்.”

தில்லைநாதன் தலையை ஆட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். ஒவ்வொரு வாளியாக அள்ளி நாலு தகரத்தையும் கழுத்து வரை நிரப்பினார்.

“கப்பலுக்கோ ஓவசியர் தண்ணி ஏத்திறியள்?” என்று செல்வநாயகம் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இராசமலர் வைத்த இரண்டாவது தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளையார் முன்னால் நின்றார். உடைக்க மனம் வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து ஆசனத்தில் வைத்தார்.

இப்போது அவர் கார் முன்னால் போனது. தெற்கே வீதி நேராக நீண்டு, தூரத்தில் கானலாக உருகி ஓடியது. திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த ஐந்து கார்களும் நிலத்தில் சில்லுப் படாமல், வெள்ளித் தண்ணீரில் தோணிகளாக மிதந்து வந்தன. பின் ஆசனத்தில் தகரங்கள் மெல்லத் தளும்பின. பிள்ளையாருக்கு வாகனம் எலி என்பார்கள். இன்றைக்கு எலிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இதில் ஏறியிருக்கிறாரோ என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. அது கனவா நினைவா என்று பிரிக்க முடியாத அந்த வெயிலில், ‘பிள்ளையார் குடுப்பாரோ?’ என்ற மகளின் சின்னக் குரல் காதுக்குள் இருந்தது.

வேப்பமரம் தெரிந்தது.

படத்தை நினைத்தார். மாலையை நினைத்தார். ஒரு வருடமாகக் கார் எண்ணெயில் கறுத்துப் போயிருந்த தன் விரல்களைப் பார்த்தார். திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று மனம் சொன்னது. முன்பும் அது அப்படித்தான் சொன்னது, வாற கிழமை என்று. அவர் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

செல்வநாயகத்தின் பச்சைக் கார் பக்கத்தில் வந்து மெதுவானது. “என்ன ஓவசியர்?”

“கொதிச்சுப் போச்சு. நீங்கள் போங்கோ.”

“நான் நினைச்சனான்! கேத்தில் கேத்தில்தான். வரிசை கெட்டுப் போகும், நாங்கள் போறம். ஆறவிட்டு மெல்ல வாங்கோ!”

ஐந்து கார்களும் சிரிப்பும் கையசைப்புமாகக் கடந்து போய்க் கானலுக்குள் கரைந்தன. தில்லைநாதன் முன்மூடியைத் தொட்டார். அதே இளஞ்சூடு. அந்தக் கார் தன் வாழ்நாளில் கொதிக்காமல் ஓடிய ஒரே நாளில், அது கொதித்ததாகப் பொய் சொல்லியாயிற்று. “பிள்ளையாரே, பொறுத்துக்கொள்” என்றார். காரிடமும் அதையே சொன்னார்.

முற்றத்தில் ஆள் அரவம் இல்லை. உம்மு ஹானி குளத்தடிக்குப் போயிருக்க வேண்டும். உள்ளே குழந்தையின் ஏணைக் கயிறு மெல்லக் கிரீச்சிட்டது. தாழ்வாரத்தில் மூன்று பானைகள், ஒரு கிடாரம். இரண்டு பானைகள் கவிழ்ந்திருந்தன. மூன்றாவதில் நாலு விரல் தண்ணீர்.

பிள்ளை பெற்றவள் தனியாகப் படுத்திருக்கும் வீடு. கூப்பிடலாகாது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் தகரத்தைத் தூக்கினார். அறுபது வயதுத் தோளுக்கு அது பாரம்தான். பானையின் வாயில் சால்வையைக் கட்டி, தண்ணீர் அதில் வடிய, சத்தம் வராமல் ஓரத்தால் ஊற்றினார். இரண்டாம் பானை. மூன்றாவதும் நிறைந்தது. ஏணைச் சத்தம் ஒருமுறை நின்றது, அவரும் நின்றார். பிறகு அது மறுபடி தொடங்கியது.

நாலாவது தகரத்தில் கை வைத்தபோது சற்று யோசித்தார். வவுனியா இன்னும் முப்பது மைல், நடுப்பகல் வெயில், கையில் மாற்றுத் தண்ணீர் இல்லாத கேத்தில். அன்றைக்கு அவள் யோசிக்கவில்லையே என்று நினைத்தார். பிள்ளைத்தாய் குளிக்கிற கிடாரத்துக்குள் அதையும் ஊற்றினார். பானைகளைச் சிரட்டையால் மூடினார். இரண்டாவது தேங்காயைக் கொண்டுவந்து, உடைக்காமல், பானைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். சிந்திய நாலு துளியைச் சால்வையால் துடைத்தார்.

காருக்குத் திரும்பிக் கைப்பிடியைப் போட்டவர், சுழற்றாமல் கையை எடுத்தார். அது எழும்பினால் ஊரே எழும்பும்; குழந்தை நித்திரையாயிருந்தது. பின்னால் போய் இரண்டு கையையும் ஊன்றினார். வெறுந்தகரங்களோடு கார் இலேசாக அசைந்தது. ஏணைச் சத்தம் கேட்காமல் போகும் மட்டும், அந்த நீண்ட வெறும் வீதியில், அவர் அதை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்.