தாய்மாமன் மடி

வீரபாண்டி பஸ் ஸ்டாப்பிலேயே விஜய்பாண்டி சிங்கமாகிவிட்டிருந்தான். காதுகுத்து ஃபிளெக்ஸில் அவன் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ‘மருமகளை மடியில் ஏந்த வரும் தாய்மாமன் சிங்கமே!’ உபயம், பெரியப்பா கர்ணன். தனக்குத் தானே மூன்று பட்டங்கள் வழங்கிக்கொண்டவர். சிங்கத்தைவிட அவர் படம்தான் பெரிசு.

சிங்கத்துக்கோ தன் கைகளைக் கண்டாலே பயம்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் அக்கா பாண்டீஸ்வரி பிள்ளையை நீட்டியபோதுதான் அந்த நினைப்பு முதலில் வந்தது: இதைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டால்? வேர்த்துக் கொட்ட, போன் வருகிறதென்று சொல்லி வெளியே ஓடியவன், அதற்கப்புறம் மருமகளைத் தொடவே இல்லை. அவள் அழுதால் வாசலுக்குப் போனான். சிரித்தால் தெருவைத் தாண்டியே போய்விட்டான்.

வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டுத் தேனியில் மனநல டாக்டரைப் பார்த்தான். “இது ஓசிடிங்கிற நோய், வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வரும். பிள்ளை மேல உயிரா இருக்கிறதாலதான் இந்த நினைப்பு உங்களை இந்தப் பாடு படுத்துது. விரட்டாதீங்க, அதுபாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும். நீங்க ஓடாதீங்க,” என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். பல்வலிக்கு ஆளாளுக்குக் கிராம்பு கொடுத்தார்கள்.

போன வாரம் அக்கா பிடித்துக்கொண்டாள். “ஏலே, பொட்டப்பிள்ளைன்னு எளக்காரமா? ஒரு தடவயாச்சும் தூக்குனியா?”

தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் அவன் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, “நீ போயி அப்படிச் செய்வியாடா? ஒம் மடியிலதான் காது குத்தணும்,” என்றாள்.

இதோ, கோயில் மண்டபத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் மருமகள். வந்தது நினைப்பு: தூக்கு, அடி. ‘வந்துட்டியா, இரு’ என்று விட்டுவிட்டான். ஆசாரி காதில் ஊசியை ஏற்றினார். பிள்ளை வீரிட்டு, அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்தது. அவன் கைகள் அணைத்துக்கொண்டன. அணைக்க மட்டுமே செய்தன. நினைப்பு ஒரு மூலையில் தொணதொணத்துக்கொண்டுதான் இருந்தது, மைக்கில் பெரியப்பா மாதிரி. கேட்கத்தான் ஆளில்லை.

‘நெனப்பு வந்துச்சு, நான் ஓடலக்கா’ என்று அக்காவிடம் சொல்லிவிடக் கண்ணீரோடு தலையைத் தூக்கினான். அவள் ஊசியைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் பிள்ளைக்கு அடியில், தொடாமல், விழுந்தால் ஏந்துகிற மாதிரி விரிந்திருந்தன.

“குடுடா தம்பி. பிள்ளைக்குப் பசிக்கும்.”

“இப்பத்தானக்கா பால் குடிச்சா?”

“குடு.”

பிள்ளை காலரை விடவில்லை. அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள்.

“பாத்தீகளா, மாமன விடமாட்டேங்கிறா!” என்று பெரியப்பா மைக்கில் சிரித்தார். கூட்டம் சிரித்தது. விஜய்பாண்டியும் சிரித்தான். பிறகு கைகள் இரண்டையும் தொடைக்கடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான்.