ஏழாம் மேசையில் ரெண்டு பேர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, எங்கள் தெருமுனைச் சீன உணவகத்தின் ஏழாம் மேசையில் இருந்த முட்டை ஃப்ரைடு ரைஸில் பாதியை, ஆறு மணி நேர பஸ் தூரத்தில் தன் தங்கை வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சாப்பிட்டு முடித்தார். அன்று உணவகத்தில் ஒரு மின்விசிறி ஓடவில்லை. வெளியே வரிசையில் பத்தொன்பது பேர் நின்றிருந்தார்கள்.

அந்த உணவகத்தில் பன்னிரண்டு மேசைகள். கல்லாவில் ஓயாமல் கையாட்டும் பொம்மைப் பூனை ஒன்று உண்டு. உள்ளே அடுப்பு ஜெட் விமானம் கிளம்புவதுபோலச் சீறும். ஒரு தட்டு வாங்கினால் இரண்டு பேர் பெல்ட்டைத் தளர்த்தும்படி சாப்பிடலாம். அரைத் தட்டு என்ற பேச்சே கிடையாது. முழுத் தட்டைவிடக் குறைவாகப் போட்டால் சட்டி கோபித்துக்கொண்டு அடிப்பிடிக்கும் என்பது சமையல்காரரின் கட்சி. ஞாயிறு மதியம் அங்கே ஒரு நாற்காலி ஒரு நிமிடம் காலியாக இருந்தால் யாராவது வந்து, "இது ஃப்ரீயா சார்?" என்று கேட்டபடியே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஏழாம் மேசைக்கு உரியவர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். பதினோரு வருடமாகப் போட்டியின்றித் தேர்வானவர். போட்டியிட்டால் அவருடைய ஏற்புரையோடு தோல்வி உரையையும் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்து யாரும் நிற்கவில்லை. எந்த விஷயத்திலும் முகவுரையைத் தாண்டியதில்லை என்பதால் அவருக்கு 'முகவுரை' என்றே பெயர். கல்லாப் பூனை கையாட்டுவதைப் பொதுமக்களின் வரவேற்பாக எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கையசைத்தவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான். இருபத்தாறு வருடமாக ஞாயிறுதோறும் மனைவியோடு வருவார். ஒரே தட்டு வாங்குவார். வாகன நிறுத்தத் தகராறுகளில் பழகிய கை, ஆகவே தட்டின் நடுவே கரண்டியால் நேர்கோடு கிழித்து எல்லை பிரிப்பார். பிறகு பேசுவார். தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி, மூன்றாம் மாடிக்காரரின் நாய், அந்த நாய் குறித்துத் தாம் எழுதிய ஒன்பது பக்கக் கடிதம். மனைவியின் பாதியில் பாதி எப்போதும் மிஞ்சும். அதைப் பார்சல் கட்டச் சொல்லி, "இங்க அளவு அப்படி! இவளால ஒரு நாளும் முடிக்க முடிஞ்சதில்ல," என்று பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி உணவகத்தைப் பாராட்டுவார்.

ஒரு ஞாயிறு, மின்தூக்கிப் பராமரிப்பில் மூன்றாவது உட்பிரிவை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்," என்றார். "ஒரு நிமிஷம் இரு, பாயின்ட்டுக்கு வந்துட்டேன்," என்றார் தலைவர். அவர் வந்து சேர்வதற்குள் பஸ் ஊரைத் தாண்டிவிட்டது. மனைவி அந்தப் பார்சலை பஸ்ஸில் ஜன்னலோரம் பிரித்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மனைவி திரும்பி வரப்போவதில்லை என்பது தலைவருக்குப் புதன்கிழமைதான் உறைத்தது. அதுவரை அவர் வீட்டில் சமையலறைப் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த ஞாயிறு வராமல் இருந்தால் சங்கத்தில் கேள்வி எழும் என்று தனியாக வந்தார். அரைத் தட்டு கேட்டார். இருபத்தாறு வருடமாக அந்த மேசையைக் கவனித்த சர்வர், "ஹாஃப் கிடையாது சார். உங்களுக்கே தெரியும்," என்று முழுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். தலைவர் பழக்கத்தில் கோடு கிழித்தார், பழக்கத்தில் தட்டு முழுக்க வினிகர் ஊற்றினார். பேச ஆள் இல்லாததால் தன் பாதியைச் சாப்பிட்டார். எதிர்ப்பாதியும் குறைந்தது. விளிம்பிலிருந்து ஒழுங்காக, அவசரமில்லாமல், பட்டாணி ஓரமாக ஒதுங்க, முட்டைத் துண்டுகள் கடைசிக்காகச் சேமிக்கப்பட்டு. தலைவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். சர்வர் அந்தத் தொழிலில் நிறையப் பார்த்தவர். காலியான பக்கத்தைத் துடைத்துவிட்டு, "அம்மாவுக்கு சூப் ஏதாவது?" என்று கேட்டார்.

அங்கே தங்கை வீட்டில் மனைவிக்கு ஞாயிறு மதியம் மட்டும் வயிறு நிறைந்துவிடும். "நான் சமைச்சது பிடிக்கலன்னா சொல்லிடு அக்கா, இப்படி ஏப்பம் விட்டுக் காட்டாத," என்று தங்கை முறைத்துக்கொண்டாள். டாக்டர் வாயு என்றார். மூன்றாம் ஞாயிறு வாயெல்லாம் வினிகர் புளித்தபோதுதான் அந்த அம்மாவுக்கு அதை ஊற்றும் கை யாருடையது என்று தெரிந்தது. கணவரைக் கூப்பிடவில்லை. உணவகத்துக்கு போன் போட்டார்.

"ஏழாம் நம்பர்ல இருக்கிற அந்த மனுஷன்கிட்ட என் பக்கம் வினிகர் ஊத்த வேணாம்னு சொல்லுங்க. நாக்கு வெந்து போச்சு."

"சரிங்கம்மா. சூப் சொல்லவா?"

"காளான் சூப். மிளகு தூக்கலா."

செய்தியைக் கேட்டதும் தலைவர் பூரித்துப் போனார். மனம் மாறிவிட்டாள் என்பது அவர் முடிவு. அடுத்த வாரம் சங்கச் செயலாளரையும் பொருளாளரையும் சாட்சிக்கு அழைத்துவந்து, குடும்பம் என்ற அமைப்பின் இன்றியமையாமை குறித்து எதிர்நாற்காலியிடம் எழுந்து நின்று பேசினார். நாற்பது நிமிடம். எதிர்ப்பாதியில் ஒரு பருக்கை அசையவில்லை. சூப்பின்மேல் ஆடை படிந்தது. அன்று தங்கை வீட்டில் அந்த அம்மா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். தங்கை மகிழ்ந்து போனாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. வேறு உரை, அசையாத சோறு. மூன்றாம் வாரம் தலைவர் பேசிக்கொண்டே எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அதில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அவள் இனி இந்தத் தட்டுக்கும் வரமாட்டாளோ என்று முதல்முறையாகப் பயந்தார்.

"என்னப்பா இது, சாப்பிடவே மாட்டேங்குறா?" என்று சர்வரிடம் கேட்டார்.

சர்வர் தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசுறப்ப அம்மா எப்பவுமே சாப்பிட்டதில்ல. ஸ்பூனை எடுத்தா 'கேக்குறியா?'ம்பீங்க, கீழ வச்சிடுவாங்க. நீங்க தண்ணி குடிக்கிற நேரத்துல நாலு வாய். அவ்வளவுதான். அதுக்காகவே நான் உங்க கிளாஸைக் காலியா விடமாட்டேன்."

தலைவர் தன் டம்ளரைப் பார்த்தார். விளிம்புவரை நிறைந்திருந்தது. இருபத்தாறு வருடமும் அப்படித்தான் இருந்தது. சங்கத் தலைவருக்கான தனி மரியாதை என்று அவர் நினைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வாயைத் திறக்கவில்லை. சுலபமாக இருந்ததென்று சொல்ல முடியாது. கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்து மேசைக்காரர் குடிநீர் வரி பற்றித் தப்பாக ஏதோ சொன்னபோது கர்ச்சீப்பை எடுத்துக் கடித்துக்கொண்டார். எட்டாவது நிமிடம் எதிர்ப்பக்கத்தில் ஒரு பட்டாணி ஓரமாக நகர்ந்தது. ஒன்றேகாலுக்குத் தட்டு கழுவியதுபோல ஆயிற்று. பழக்கதோஷத்தில் பார்சல் டப்பாவோடு வந்த சர்வர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அளவு ஒன்றும் அதிகமில்லை என்பது அன்று நிரூபணமாயிற்று. தலைவர் வெகுநேரம் அந்த வெற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போகும்போது பூனைக்குக் கையசைக்க மறந்துவிட்டார்.

பிறகு நான்கு வருடம் இப்படியே போயிற்று. சங்கக் கூட்டங்கள் இருபது நிமிடத்தில் முடிந்தன, மின்தூக்கி சரியானது. அந்த அம்மா திரும்பி வரவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தங்கை ஊரில் தையல் வகுப்பு நடத்தினார், ஞாயிறு காலை உணவகத்துக்கு போன் செய்து அன்றைக்கு வேண்டியதைச் சொல்லிவிடுவார். ஐந்தாம் வருடம் ஒரு ஞாயிறு, நூடுல்ஸ் வேண்டாம், பழையபடி முட்டை ரைஸே போதும் என்று சொல்லிவிட்டு, "அவர் ஏதாவது பேசணும்னா பேசலாம்னு சொல்லுங்க. கொஞ்சமா," என்றார்.

சர்வர் சொன்னார். தலைவர் தொண்டையைக் கனைத்தார். பொருளாளர் அங்கே இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பார். ஆனால் தலைவர் கழுத்தை நீட்டி எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். கடைசியில், "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல்முறை.

எதிர்ப்பக்கம் கடைசிக்கென்று சேமித்திருந்த முட்டைத் துண்டுகளில் பெரியது ஒன்று, மெல்ல நகர்ந்து, கோட்டைத் தாண்டி இவர் பக்கம் வந்து நின்றது. தலைவர் அதை எடுத்துச் சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து வரிசையிலிருந்து உள்ளே வந்த ஒருவர் எதிர்நாற்காலியின் முதுகில் கை வைத்து, "இது ஃப்ரீயா?" என்றார். "ஆள் இருக்குங்க," என்றார் சர்வர், இரண்டாவது டம்ளரில் தண்ணீர் ஊற்றியபடி. வந்தவர் குனிந்து தட்டைப் பார்த்தார். "ஸாரிங்க, கவனிக்கல," என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டு, வேறு இடம் தேடிப் போனார்.