அக்காவின் பிளாஸ்க்

எல்லை நடைபாலத்தின் அர்ஜென்டினா பக்கம், கிளொரிந்தா ஊர் முனையில் பசிலியோ ஒகாம்போஸ் கோட்டும் டையுமாக நின்றிருந்தார். பராகுவேயின் சர்வாதிகாரி துரத்திவிட்ட புகைப்படக்காரர் என்பதற்காக, அர்ஜென்டினா கரையில் கசங்கிய சட்டையோடு நிற்க முடியுமா? தாய்நாட்டிலிருந்து பார்த்தால் ஒகாம்போஸ் குடும்பத்து ஆள் ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

பாலத்தைத் தாண்ட அவருக்குத் தடை. அதனால் அக்கா தொமாசாவே பராகுவே தலைநகர் அசுன்சியோன் தெருக்களில் படமெடுத்தாள். பிலிம் சுருளைக் கழுவி வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது அவர் வேலை. இந்த வெள்ளிக்கிழமை வரும் சுருளில், நேர்மையான தேர்தல் கேட்டு ஊர்வலம் போன பெண்களைக் குதிரைப் போலீஸ் மறித்த காட்சி இருந்தது. தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானத்துக்கான பிளாஸ்க்குக்குள், மூலிகைக்கு அடியில் அதை ஒளித்திருந்தாள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை.

நடுப்பாலத்தில் சிப்பாய் அவளை நிறுத்தினான்.

“அம்மா, வெயில் கொல்லுது. ஒரு வாய் தெரெரே ஊத்துங்க.”

முனையில் நின்ற பசிலியோவுக்கும் அது கேட்டது. தெரெரே கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் பராகுவேக்காரர் கிடையாது. சொன்னால் அதுவே சந்தேகம்.

“தாராளமா குடி ராசா,” என்றாள் தொமாசா. “ஆனா இது என் தம்பிக்குக் கொண்டு போற பேதி மூலிகை. ஒரு வாரமா அவனுக்கு வெளிக்கே போகல, பாவம். உனக்கு டூட்டி எப்ப முடியுது?”

“சாயங்காலம்…”

“அதுவரைக்கும் தாங்குவியா? இங்க ஒரு மறைவுகூடக் காணோமே!”

மூட்டை சுமந்துவந்த பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். தொமாசாவின் தம்பி யாரென்று அவர்களுக்குத் தெரியும். அத்தனை தலைகளும் கிளொரிந்தா பக்கம் திரும்பின.

“போங்கம்மா, போங்க!” என்று சிப்பாய் ஒதுங்கினான்.

“அக்கா! நம்ம அப்பா பேரு என்னாகும்?” அவள் கரை சேர்ந்ததும் பசிலியோ பல்லைக் கடித்தார்.

“அப்பாவுக்கும் இதே தொந்தரவுதான்டா. போய்ச் சுருளக் கழுவு.”

இருட்டறையில் படம் மெல்லத் தெளிந்தது. ஒரு பூக்காரி குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரனை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். அவர்கூட இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் பாலத்தடியில் ரொட்டி விற்கும் கிறிஸ்பின் கத்தினான்: “பசிலியோ அண்ணே! வயிறு இளகிடுச்சா?”

சந்தையே சிரித்தது. மறுத்துப் பேச வாய் துடித்தது. ஆனால் உடம்பு தேறிவிட்டால் அக்கா எதைச் சொல்லிச் சுருள் கொண்டுவருவாள்?

பசிலியோ முதுகை நிமிர்த்தினார். பாலத்துச் சிப்பாய்க்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

“எங்க? அப்படியேதான் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமையும் அக்கா மருந்து கொண்டுவரணும்!”