ஜெயரூபன் இருக்கும் திசை

"வருதா?"

"மழைதாங்க பெய்யுது."

"இப்ப?"

"ஆளு தெரியுது. தலையத்தான் காணோம்."

"நாடகந்தானே, தலை அவ்வளவு தேவைப்படாது."

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் தகரக் கூரையில் நின்று அன்டெனாவைத் திருப்பிய டி.வி. மெக்கானிக் ஜெயரூபனும், உள்ளே டி.வி. முன்னால் நின்ற யசோதினியும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. ஓர் எழுத்துப் பிசகாமல் அவளுக்கு நினைவிருக்கிறது. அன்றுதான் டி.வி.யில் கொட்டிய வெள்ளைப் புள்ளி மழை பெட்டியை விட்டு வெளியேறி அவள் கண்களில் குடியேறியது. பெட்டியில் படம் பளிச்சென்று தெளிந்தது. அவளுக்கோ சுவர், அடுப்பு, அண்ணன் கிரிஷாந்தனின் முகம் எல்லாவற்றின் மேலும் புள்ளிகள் இறைந்தன. நடுநடுவே மின்னல் வெட்டியது.

பட்டினி என்றார்கள், கண்ணேறு என்றார்கள், போனை நோண்டியதுதான் என்றான் அண்ணன். பதுளையில் கண் டொக்டர் மர்லியா சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கண்ணுக்குள் இருக்கும் பசை சுருங்கி விழித்திரையை இழுத்தால் மின்னல் தெரியலாம், விழித்திரை கிழிந்தாலும் தெரியலாம், தலைவலியே இல்லாமல் ஒற்றைத் தலைவலி இப்படி ஒளி காட்டுவதும் உண்டு, பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும், சிலருக்கு மூளையே காரணம் சொல்லாமல் புள்ளி தூவும் என்று பொறுமையாக விளக்கினார். எல்லாம் சோதித்ததில் ஒரு குறையும் இல்லை. மின்னல் திடீரென்று கூடினாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே வந்துவிடச் சொல்லி அனுப்பினார்.

யசோதினிக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவளுக்குக் குழந்தை தெரியாவிட்டால் எப்படி? கிரிஷாந்தன் அவளை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு நடுவில் நிறுத்தி, தோள்களைப் பிடித்து அன்டெனாவைப்போல மெல்லத் திருப்பினான். லயமே கூடி நின்று கத்தியது. லுணுகலை டவுன் பக்கம் திரும்பியதும் புள்ளி விலகிப் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் பசறைப் பக்கம்தான் தெரிந்தது. அதற்கடுத்த நாள் மடுல்சீமைப் பக்கம். காம்பராவில் கஞ்சி காய்ச்சும் பெரியாயிதான் கண்டுபிடித்தாள்.

"அடியே, ஒன் கண்ணு மோட்டார் சைக்கிள்ல சுத்துதுடி."

அந்தந்த நாளில் ஜெயரூபன் அந்தந்த ஊர்க் கூரைமேல்தான் நின்றிருந்தான்.

பிறகு வருஷங்கள் பழகிவிட்டன. அவன் வேலைக்குப் போகும் பக்கம் பார்த்துத் தொட்டில்களை மாற்றிக் கட்டினார்கள். படம் போன வீட்டுக்காரர்கள் அவனுக்குப் போன் எடுப்பதை விட்டுவிட்டு, ஆள் எங்கே என்று அவளிடம் கேட்டுப் போனார்கள். ஜெயரூபனுக்கும் தெரியும். குழந்தைகளுக்குச் சோறூட்டும் நேரம் எங்கிருந்தாலும் வந்து, எதிர் வளைவில் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்பான். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டான். மீரியபெத்தையில் மண் சரிந்தபோது அவன் வீட்டார் அத்தனை பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். தட்டெடுத்துப் பெண் கேட்டு வர அவனுக்கு ஆள் இல்லை. கிரிஷாந்தனும் இறங்கவில்லை. "மாப்பிள்ளை பக்கத்துலருந்து ஒரு ஆளு வந்து கேக்கட்டும், மறுபேச்சில்லாம குடுக்கிறேன். பொண்ணு வீட்டுக்காரன் நானாப் போயி நிக்கமாட்டேன்." யசோதினி தன் ஆசையைக் கஞ்சியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு காலையில் தெளிவு அவள் கண்முன்னேயே நழுவத் தொடங்கியது. மலைச் சரிவில் இறங்கிப் பசறையைத் தாண்டி, நிற்காமல் பதுளை நோக்கி ஓடியது. ஜெயரூபன் கட்டாருக்குப் புறப்பட்டுவிட்டான் என்று பெரியாயி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். கட்டார் வரைக்கும் இவள் கண் போனால் திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பெண்கள் குழந்தைகளைப் பொறுப்பேற்க, யசோதினியையும் பெரியாயியையும் ஏற்றிக் கிரிஷாந்தன் தன் த்ரீவீலைக் கிளப்பினான். கல்யாணத்துக்கில்லை, கண்ணுக்காகத்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினான். வளைவுக்கு வளைவு தெளிவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பாய, யசோதினி இருக்கையில் சுழன்று சுழன்று உட்கார்ந்தாள்; பெரியாயி பாதி வழி அவள் முழங்காலுக்கடியில் கிடந்தாள்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் எல்லா பஸ்களும் புள்ளிக்குள் இரைந்துகொண்டிருக்க, ஒரே ஒரு ஜன்னல் மட்டும் கழுவி வைத்ததுபோலத் தெரிந்தது. அதில் அவன் இருந்தான். இவளைக் கண்டதும் இறங்கி வந்தான். கண்டக்டர் விசாரித்தார், கண் விஷயம் என்றதும் சரி என்று பஸ்ஸை நிறுத்தி வைத்தார்.

யசோதினி பக்கத்தில் அஸீஸ் நானா கடைக்குப் போய் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாள். தட்டுக்குக் கடையின் தராசுத் தட்டையே நானா கழற்றிக் கொடுத்தார். அதை ஏந்திக்கொண்டு வந்து, அண்ணன் பக்கம் நிற்காமல், ஜெயரூபனுக்குத் தோளோடு தோளாக நின்று திரும்பினாள். அவன் இருந்த இடத்திலேயே அவளும் நின்றதால் திசை என்று ஒன்று இல்லாமல் போய், நாலாபக்கமும் ஒரே நேரத்தில் தெளிந்தது. எதிரே அண்ணனின் முகம் ஒரு புள்ளியும் இல்லாமல் தெரிந்தது. தட்டை அவனிடம் நீட்டினாள்.

"அண்ணே, நான் மாப்பிள்ளை பக்கத்துலருந்து வந்திருக்கேன். எங்க ஜெயரூபனுக்கு ஒங்க தங்கச்சியக் குடுங்க."