சந்தனம் பூசிய தலைகள்

"ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடணும். அவங்க அழறதைப் பார்த்துட்டு நீயா எதையும் கட்டிச் சொல்லாதே."

ரயிலடியிலிருந்து குதிரை வண்டி கிளம்பியதிலிருந்து தேவசுந்தரி இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். ரெபேக்காள் தலையை ஆட்டினாள். வண்டிக்கு முன்னும் பின்னும் பூக்காவடிகள் ஆடிக்கொண்டு போயின. திருத்தணியில் அன்று ஆடிக் கிருத்திகை.

பதினாறு வருஷத்துக்கு முன், 1930-இல், இதே நாளில் இதே ஊரில் தொலைந்துபோனவள் ரெபேக்காள். அப்போது ஐந்து வயது. திரும்பிப் போகிற கூட்டத்தோடு எப்படியோ ரயிலேறி, மணவூர் ஸ்டேஷனில் தனியாக அழுதுகொண்டு நின்றாள். மொட்டைத் தலை, இடுப்பில் மஞ்சள் துணி. அப்பா பேர் என்ன என்று கேட்டதற்கு 'நைனா' என்றாளாம். பாதி ஜில்லா அப்பனை அப்படித்தான் கூப்பிடுகிறது. போலீஸ்காரர் மிஷன் விடுதியில் கொண்டுவந்து விட்டார். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் தேவசுந்தரிதான் பேர் வைத்தாள், படிக்க வைத்தாள், பள்ளிக்கூடத்து டீச்சராகவும் ஆக்கினாள்.

போன மாதம் விடுதிக்குச் சேலை விற்க வந்த ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுத் திடுக்கிட்டார். கிருத்திகையில் பெண்ணைத் தொலைத்த குடும்பம் ஒன்று அம்மையார்குப்பத்தில் இருக்கிறது என்றார். கடிதம் போனது. பதில் நாலே வரி. கடைசி வரி மட்டும் ரெபேக்காளை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை: 'தொலைத்த இடத்திலேயே பார்க்க வேண்டும். ஒன்று கேட்க வேண்டும்.'

குளத்துக்குப் போகும் சந்தில் திரும்பியதும் வாசனை முகத்தில் வந்து அறைந்தது. அரைத்த சந்தனம், ஈரத் தலைமுடி, கற்பூரப் புகை, மிதிபட்ட சாமந்தி. ரெபேக்காளின் உச்சந்தலை சில்லென்று குளிர்ந்தது. தலையில் அடர்ந்த கூந்தல் இருக்கிறது, அதன் மேல் முக்காடும் இருக்கிறது. ஆனாலும் யாரோ ஈரச் சந்தனத்தை அள்ளி வழவழவென்று தேய்த்ததுபோலவே இருந்தது. அவள் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன?" என்றாள் தேவசுந்தரி.

"ஒண்ணுமில்லக்கா."

குளத்தருகே இறங்கினார்கள். படிக்கட்டெல்லாம் குழந்தைகள். அத்தனை பேருக்கும் ஒரே மொட்டை, ஒரே சந்தனம், ஒரே மஞ்சள் துணி. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. பெற்றவர்கள் எதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள்?

அரசமரத்தடியில் ஒருத்தி எழுந்து நின்றாள். ஒடிந்துவிடுவாள்போல் மெலிந்த உடம்பு. பக்கத்தில் தோள் துண்டுக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு ஒரு மனிதர். கௌரியம்மாள், பரசுராமன். கடிதத்தில் இருந்த இரண்டு பெயர்கள்.

கௌரியம்மாள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. ஒரு முழம் தள்ளி நின்று ரெபேக்காளின் நெற்றியை, காதை, புருவத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்கம்மா மூஞ்சி," என்றாள். "அப்படியே கீது. சந்திரான்னு கூப்டா திரும்புவியா?"

"தெரியலைங்களே."

"பரவால்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நெஜத்தைச் சொல்லு தாயீ. நான் உன் கையை வுட்டனா?"

ரெபேக்காளுக்குப் புரியவில்லை. கௌரியம்மாள் மடமடவென்று சொன்னாள். அன்றைக்கு அவளுக்கும் மொட்டை. நாவிதர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள், தலையில் தண்ணீர், கண்ணெல்லாம் மயிர். அப்போது வீட்டுக்காரர் வந்து குழந்தையை அவள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காவடி எடுக்கப் போனாராம். நிமிர்ந்து பார்த்தால் குழந்தை இல்லை.

"அவர் கொடுத்தது எனக்கு ஞாபகமே இல்ல. கையில வாங்கினதுகூடத் தெரியாத கட்டைன்னு எங்க மாமியார் சாவுற வரைக்கும் சொல்லிகினே இருந்தாங்க. தெருவுல ஒரு பொம்பள தன் கொழந்தைய என்னாண்ட குடுக்க மாட்டா. நானும் கேக்க மாட்டேன். என் கைதான் வுட்டுதா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு இன்னா ஞாபகம் இருக்கும்?" என்றார் பரசுராமன் சட்டென்று. "வெயில்ல வந்துகீது. மொதல்ல தண்ணி குடிக்கட்டும். நீ சும்மா இரு கௌரி."

துண்டுக்குள்ளிருந்து கை வெளியே வந்து செம்பை நீட்டியது.

நகங்கள் நீலமாக இருந்தன. நூலுக்குச் சாயம் போடுகிறவரின் கை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத நீலச் சாயத் தொட்டியின் நாற்றம், அழுகின தழையும் சுண்ணாம்பும் கலந்த புளிப்பு, செம்புத் தண்ணீரையும் சந்தனத்தையும் தாண்டி அவள் மூக்கில் ஏறியது.

ரெபேக்காள் செம்பை வாங்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கைதான் அவள் தலையில் சந்தனம் பூசியது. 'குளுகுளுன்னு கீதா?' என்று சிரித்தது. சந்தனக்காரனிடம் இன்னும் கொஞ்சம் வாங்கத் திரும்பியது. அப்போது பம்பையும் உடுக்கையுமாக ஒரு காவடிக் கூட்டம் நடுவில் புகுந்தது. கால்கள், கால்கள். அது போன பிறகு பார்த்தால் நீல நகங்கள் பத்தடி தூரத்தில் ஒரு சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுகின்றன. அது அவள் கை இல்லை. இன்னொரு மொட்டை, இன்னொரு மஞ்சள் துணி. நைனா, நைனா என்று கத்துகிறாள். பம்பைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பரசுராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஞாபகம் வந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. கெஞ்சுகிற கண்கள். அந்தக் கண்களைக் காண வேண்டுமென்று விடுதிக் கட்டிலில் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா, அம்மா இரண்டு பேருமே அவளுக்கு உண்டு.

"சொல்லு தாயீ," என்றாள் கௌரியம்மாள். உள்ளங்கையை நீட்டினாள்.

ரெபேக்காள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கையில என்னைக் கொடுக்கவே இல்லைம்மா."

"அப்போ யாரு கையில இருந்தே?"

மலைமேல் மணி அடித்து ஓய்ந்தது.

"என் கையில," என்றார் பரசுராமன். செம்பைக் கீழே வைத்தார். "வேற ஒரு கொழந்தையைப் புடிச்சிகினு பாதி மலை ஏறிட்டேன் கௌரி. அதைப் பெத்தவங்க வந்து புடுங்கிகினு கன்னத்துல அறைஞ்சப்பதான் தெரிஞ்சுது. கீழ ஓடியாந்தா இவ இல்ல. நீ தலையைக் குனிஞ்சிகினு இருந்தே. எனக்குப் பயமா இருந்துது. ஒருநாள் சொல்லிடலாம்னுதான்..."

"எந்த நாளு?"



கௌரியம்மாள் அழவில்லை. தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், புதிதாக முளைத்த கையைப் பார்ப்பதுபோல. பிறகு மரத்தடியைக் காட்டினாள்.

"இங்கியே உக்காரு. நான் வந்து கூப்புடற வரைக்கும் எழுந்துக்காத."

பரசுராமன் உட்கார்ந்தார். துண்டு தோளிலிருந்து நழுவியதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"எங்கம்மா போறோம்?" என்று கேட்டாள் தேவசுந்தரி.

"தெரியாது. எம்பொண்ணு கையைப் புடிச்சிகினு இந்தக் கூட்டத்துல ஒரு சுத்து வரணும். நீயும் வாம்மா."

மூன்று பேரும் கூட்டத்துக்குள் இறங்கினார்கள். கௌரியம்மாளின் பிடியில் ரெபேக்காளின் விரல்கள் நெரிந்தன. ரெபேக்காள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். காவடிகள் மறைத்தன. அவை விலகியபோது மரத்தடியில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, போகிற வருகிற முகங்களையெல்லாம் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.