சீப்பின் பல் தெரிய வேண்டும்

வியாழக்கிழமை காலை குட்டி தன் அழகு நிலையத்திலிருந்து ஒரு கனத்த சிவப்புச் சீப்பைக் கொண்டுவந்து, வீட்டு நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் போட்டாள். ஒரு முழம் இறங்குவதற்குள் சீப்பு கண்ணுக்கு மறைந்தது. குளம் முழுக்க யாரோ பாலைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனதுபோல இருந்தது.

குட்டிக்கு நாற்பத்திரண்டு வயது. சொந்தக் கடை, கையின் கீழ் மூன்று பேர். ஆனாலும் அக்கா சிறுவயதில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. "குட்டிக்கு வாளித் தண்ணியே ஆழம்" என்று சொந்தக்காரர்கள் மத்தியில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவள் அக்கா. குட்டி மூன்று மாதமாகப் பொதுக் குளத்தில் நீச்சல் பழகி, அதை வீடியோ எடுத்து அனுப்பியபோதும் பதில் இப்படித்தான் வந்தது: "வீடியோல யாரு வேணா நீந்தலாம்டி. என் கண்ணு முன்னாடி நீந்து, ஒத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள். திங்கட்கிழமை மகள் வீட்டுக்கு விமானம் ஏறினால் திரும்பி வர ஒரு வருடம் ஆகும். ஆக, கிடைத்தது ஒரே ஒரு ஞாயிறு.

நீந்த வேண்டுமென்றால் குட்டிக்குத் தரை தெரிய வேண்டும். பொதுக் குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பழகினாள். வீட்டுக் குளத்திலும் நீல ஓடு பதித்த கோடு ஒன்று உண்டு. கோடு தெரிந்தால் கையும் காலும் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். தெரியாவிட்டால் மூச்சு நெஞ்சிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

"சீப்போட பல்லு தனித்தனியா தெரியணும். அப்பதான் இறங்குவேன்" என்று அவள் கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடும். அவர் ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, அதில் சோதனை மாத்திரையைப் போட்டுக் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தண்ணீரில் குளோரின் இருந்தால் அந்த மாத்திரை ரோஜா நிறம் காட்டும். எவ்வளவு அடர்த்தியான நிறமோ அவ்வளவு குளோரின். குழாயில் நிறமே இல்லை.

"பாரு, இன்னைக்கும் சைபர். ஒரு வாரமா போடுறேன். போட்டதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல."

"போடுற கை சரியில்ல மாமா" என்றான் குட்டியின் தம்பி. பேருந்து ஓட்டுநர். மாடியில் குடியிருக்கிறான், மாமாவின் எந்த வேலையையும் மேற்பார்வை பார்க்காமல் அவனால் காபி குடிக்க முடியாது.

"நீ வண்டிய ஒழுங்கா நிறுத்தத்துல நிறுத்து மாப்ளே. அப்புறம் என் கையப் பத்திப் பேசலாம்."

குட்டி இருவரையும் கவனிக்கவில்லை. அவள் பார்வை குழாயிலேயே இருந்தது. குலுக்கிய அந்த நொடியில் எதையோ பார்த்ததுபோல அவளுக்குத் தோன்றியது.

"இன்னொரு மாத்திரை போடுங்க. மெதுவா."

கணவர் போட்டார். மாத்திரை கரையத் தொடங்கிய இடத்தில் குப்பென்று ரோஜா நிறம் கிளம்பியது. அடுத்த கண்சிமிட்டலில் மறைந்துபோய், தண்ணீர் பழையபடி வெறுமையாக நின்றது.

குட்டிக்குச் சட்டென்று பிடிபட்டது. இருபது வருடமாக முடிக்குச் சாயம் ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவள் தொழில். நிறம் ஏறாத முடி வேறு, ஏறிய நிறத்தை வெளுப்பு தின்றுவிட்ட முடி வேறு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

"நிறம் வராம இல்லைங்க. வந்த உடனே வெளுத்துடுது. குளோரினும் ஒரு வெளுப்பு மருந்துதானே. இது கம்மியா இருக்கிறதால இல்ல, அளவுக்கு மிஞ்சி இருக்கிறதால. மாத்திரையோட சாயத்தையே தின்னுடுது."

"அதெப்படிக்கா, சைபர்னு காட்டுதே" என்றான் தம்பி.

"இரு, காட்டுறேன்."

சமையலறையிலிருந்து குடிநீர் பாட்டிலைக் கொண்டுவந்தாள். ஒரு பங்கு குளத்துத் தண்ணீருக்கு ஒன்பது பங்கு குடிநீர் என்று அளந்து கலந்தாள். பத்தில் ஒரு பங்காக நீர்த்துப்போன குளோரினுக்கு இப்போது சாயத்தைத் தின்னும் பலம் இருக்காது. மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். ரோஜா நிறம் வந்தது, வந்த இடத்திலேயே நின்றது. மாத்திரையோடு வந்த நிற அட்டையில் ஒப்பிட்டால் அளவு இரண்டு. நீர்த்த கணக்கைச் சேர்த்துப் பத்தால் பெருக்கினால் இருபது. குளிக்கிற தண்ணீரில் இருக்க வேண்டியது ஒன்றிலிருந்து மூன்று.

கணவர் அட்டையைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். இருபது இறங்கவில்லை.

"நான் காலைல ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவுதானே போட்டேன். இவ்வளவு ஏற வாய்ப்பே இல்லையே."

தம்பி காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தான்.

"டேய்" என்றாள் குட்டி.

"மத்தியானம் வந்து பார்ப்பேன்க்கா. சைபர்னு காட்டும். மாமா சோம்பேறித்தனமா விட்டுட்டார்னு நினைச்சு, ரெண்டு அளவு போட்டுட்டுப் போவேன்."

"ரெண்டா?"

"சில நாள் மூணு."

இருவரும் ஒருவரை ஒருவர் நம்பாமல், ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல், ஒரு வாரமாகக் குளத்துக்கு மாறி மாறி ஊட்டியிருக்கிறார்கள். போதாததற்குத் தூசி விழக் கூடாதென்று கணவர் குளத்தின் மேல் தார்ப்பாயை வேறு இழுத்து மூடிவைத்தார். வெயில் பட்டிருந்தால் பாதிக் குளோரின் தானே அழிந்திருக்கும்.

"சரி, அப்ப இந்த வெள்ளை எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார் கணவர். குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

"அதுவும் நீங்க போட்டதுதான். இது சுண்ணாம்புச் சத்து கலந்த பொடி. போடப் போடத் தண்ணில காரம் ஏறும். காரம் ஏறினா சுண்ணாம்பு கரையாது, பொடிப்பொடியா மிதக்கும். கொதிக்க வெச்ச பாத்திரத்துல வெள்ளையாப் படியுதுல்ல, அதே ஆள்தான்."

"வடிகட்டிதான் இருக்கே. அத நான் தினமும் மூணு தடவை கழுவுறேன்."

"மூணு தடவையா?"

அவருடைய பெருமை அங்கேதான் சறுக்கியது. வடிகட்டிக்குள் இருப்பது மணல். புதிதாகக் கழுவிய மணலில் இடுக்குகள் பெரிதாக இருக்கும், நுண்ணிய தூள் ஜம்மென்று நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். கொஞ்சம் அழுக்குப் படிந்து இடுக்குகள் குறுகிய பிறகுதான் மணல் தூளைப் பிடிக்கும். அழுத்தமானியின் முள் நன்றாக ஏறினால் மட்டும் கழுவினால் போதும். மணலுக்கு வேலை செய்யவே இவர் நேரம் கொடுக்கவில்லை.

குட்டி பொடி டப்பாவை எடுத்துப் போய்க் கடை அலமாரியில், சாயக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில்.

"தார்ப்பாய எடுங்க. பம்ப் ஓடட்டும். நான் சொல்றவரைக்கும் ரெண்டு பேரும் சும்மா இருங்க."

சும்மா இருப்பது லேசான வேலையா என்ன. வெள்ளிக்கிழமை கணவர் குளத்தை ஏழு முறை சுற்றி வந்தார். எட்டாவது சுற்றில் வடிகட்டியின் பிடி மேல் கை போனது.

"மாமா, கை" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"தூசி தொடைக்கிறேன்டா."

"தொடைச்சது போதும், எடுங்க."

அன்று வெயில் தாராளமாக அடித்தது. மாலையில் ஆழத்தில் சிவப்பாக ஒரு கறை தெரிந்தது. சனிக்கிழமை காலை குளோரின் நான்குக்கு இறங்கிவிட்டது. அதுவரை குட்டி காரத்தைச் சோதிக்கவே இல்லை. குளோரின் அளவு மீறி இருக்கும்போது அந்தச் சோதனையும் பொய் நிறம்தான் காட்டும். இப்போது பார்த்தால் காரம் கூடுதல் என்று தெளிவாகத் தெரிந்தது. கணவரின் கைக்கு வேலை கொடுத்தாள். வாளித் தண்ணீரில் அளந்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பம்ப் ஓடும் குளத்தில் சுற்றிலும் ஊற்றச் சொன்னாள். கையுறை மாட்டிய மனிதர் கோயிலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல அவ்வளவு பயபக்தியோடு ஊற்றினார்.

மிதந்த சுண்ணாம்பில் பாதி கரைந்தது, மீதியை மணல் பிடித்துக்கொண்டது. மாலையில் கறை சீப்பாக மாறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அதன் பற்களை எண்ணலாம் போலிருந்தது. இத்தனை குளோரினில் மூன்று நாள் ஊறியதில் சிவப்பு மட்டும் சற்று வெளுத்திருந்தது.

பத்து மணிக்கு அக்கா வந்தாள். நாற்காலியை இழுத்து, குளத்தின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதுலயா நீந்தப் போற? ஆழம் எவ்வளவுடி?"

"அந்தப் பக்கம் உன் தலைக்கு மேல."

"வேணாம்னா இப்பவே சொல்லிடு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நீயா?" என்றான் தம்பி.

குட்டி படியில் இறங்கினாள். மூச்சை இழுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். நீலக் கோடு முனை வரைக்கும் போவது தெரிந்தது. காலை உதைத்தாள். பாதி தூரத்தில் தரை கீழே இறங்கியது, அவள் இறங்கவில்லை. சீப்பு அவளுக்குக் கீழே மெல்ல நகர்ந்து போனது, அதன் ஒரு பல் உடைந்திருப்பதுகூடத் தெரிந்தது. அடுத்த கணம் கை சுவரில் மோதியது.

விளிம்பைப் பிடித்துத் தலையை உயர்த்தி, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். கணவர் கைதட்டிக்கொண்டிருந்தார். தம்பி விசில் அடித்தான். அக்கா மட்டும் நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தபடி, விரல்கள் வெளுக்க உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, ஒத்துக்கறியா?"

அக்கா தொண்டையைச் செருமினாள்.

"திரும்பவும் ஒரு தடவை போடி."

"ஏன், இப்பப் போனேனே?"

"நீ ஆழத்துக்குப் போனதும் நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றாள் அக்கா. "எனக்குப் பயமா இருந்துச்சு."

குட்டி சிரித்த சிரிப்பில் இரண்டு வாய் தண்ணீர் உள்ளே போனது. பிறகு சுவரில் காலை வைத்தாள்.

"நாற்காலிய பக்கத்துல போடு. கண்ணத் திறந்து வெச்சுக்கோ."

அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்று அடி முன்னால் வந்தாள்.